மயினி மடியில் வைத்திருந்த குஞ்சு

அந்தக் குஞ்சின் கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து கிடந்தன. அடை வைத்த முட்டைகளில் கடைசியாகப் பொரிந்தது அதுதான். மற்றக் குஞ்சுகளெல்லாம் தாய்க்கோழியின் பின்னால் முற்றத்தில் ஓடித் திரிய, இது மட்டும் கூட்டுக்குள் வயிற்றைத் தரையில் தேய்த்தபடி, தண்ணீரில் நீந்துவதுபோலக் கால்களை அடித்துக்கொண்டு கிடந்தது. தாய்க்கோழி வந்து அதன் தலையில் இரண்டு முறை கொத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. "அது பிழைக்காது. எடுத்துத் தென்னம்மூட்டுல போடு" என்றாள் அம்மா. மயினி போடவில்லை. குஞ்சைச் சேலை முந்தியில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, மரச்சீனிக் கிழங்கு சீவ உட்கார்ந்துவிட்டாள். கத்தி ஓடும் சத்தத்துக்கு நடுவே மடிக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல் வந்துகொண்டே இருந்தது.

மயினி என் அண்ணனின் மனைவி. அமரவிளைப் பக்கத்தில் ஒரு பழைய மிஷன் சபையின் உபதேசியார் மகள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. பாறசாலையிலிருந்து உள்ளே இறங்கும் வண்டிப் பாதையின் முடிவில், மரச்சீனி பயிரிட்ட விளைகளுக்கு நடுவே தனியாக இருந்தது. அண்ணன் தையல்காரன். பெரிய ரோட்டு முக்கில் ஒரு மிஷின் போட்டிருந்தான். எல்லைப் போராட்டம் மும்முரமாக இருந்த காலம் அது. தமிழ் பேசுகிறவர்களின் ஊர்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டுமென்று கூட்டமும் ஊர்வலமும் நடக்கும். கூட்டங்களுக்கு வேண்டிய கொடிகளையும் துணிப் பதாகைகளையும் தைத்துக் கொடுத்தவன் அண்ணன்தான். சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் மாதக்கணக்கில் அலைந்துகொண்டிருந்தார்கள். அம்மா ஏசினால், "இது முடியட்டும், எல்லாருக்கும் தச்சுக் குடுக்கேன்" என்று சிரிப்பான்.

குஞ்சு பொரிவதற்கு முந்தின நாள் ஓர் ஊர்வலத்தில் போலீசார் தடியால் அடித்துக் கலைத்தார்கள். அண்ணன் ஓடி, ஒரு கல் மதிலைத் தாண்டிக் குதித்தபோது, அதன்மேல் பதித்திருந்த கண்ணாடித் துண்டுகள் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டன. அவனைச் சைக்கிளின் பின்னால் உட்கார்த்தி, வாய்க்கால் கரை வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவனுடைய கூட்டாளி. திருப்புறத்துக்காரர். நான் அவரைத் திருப்புறத்து அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாதீங்க. போலீசு அங்கேயே நிண்ணு பிடிக்கான்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார். அண்ணன் வீட்டில் இருப்பது எங்கள் மூன்று பேரையும் விட்டால் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அடுக்களைக்கு மேலே ஒரு மச்சு உண்டு. தேங்காயும் காய்ந்த ஓலையும் போட்டுவைக்கும் இடம். அண்ணனை அதில் ஏற்றி, தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். ஓலைக்கட்டுகளை முன்னால் அடுக்கி மறைத்து, ஏணியைக் கொண்டுபோய் விளைக்குள் போட்டார்கள்; வேண்டியபோது மட்டும் எடுத்து வருவார்கள். அடுப்பு எரித்தால் புகை மேலே போகும், அவன் இருமுவான். அதனால் அன்று முதல் சமையல் வீட்டுக்குப் பின்னால், கல் கூட்டிய அடுப்பில். அடுக்களை குளிர்ந்து கிடந்தது. அடுப்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டிய குஞ்சை மயினி தன் உடம்புச் சூட்டில் வைத்துக் காப்பாற்றியது இதனால்தான். நடக்கும்போது மடியில், குனிந்து வேலை செய்யும்போது என் கையில். குறுணை அரிசியை வேகவைத்து மசித்து, ஈர்க்குச்சி நுனியில் எடுத்து அதன் அலகில் தடவுவாள். பாதி சிந்தும். சிந்தியதைத் துடைத்து மறுபடி தடவுவாள். அதே கைகள்தான் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து மச்சுக்கு ஏற்றி அனுப்பின.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. பானைகளை உருட்டினார்கள், பெட்டியிலிருந்த துணிகளைக் கொட்டினார்கள். அடுக்களைக்குள் நின்று ஒருவன் தடியால் மச்சுப் பலகையை இரண்டு முறை தட்டினான். தூசி கொட்டியது. மேலே ஓர் அசைவும் இல்லை. மயினி குஞ்சை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் விரல்களுக்கிடையே குஞ்சு விடாமல் கத்தியது. அவர்கள் போன பிறகு பார்த்தால் அவள் உள்ளங்கை முழுக்க வியர்வை. குஞ்சின் மஞ்சள் ரோமம் நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஒரே ஒரு போலீஸ்காரர் மட்டும் வந்தார். வயதானவர், மெலிந்தவர். வாசலுக்கு எதிரே பிலாமரத்தடியில் கவிழ்த்துப் போட்டிருந்த உரலின்மேல் உட்கார்ந்துகொண்டார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பொழுது சாயும்போது எழுந்து போனார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். முதல் நாள் வந்தவர்களின் கூச்சலைவிட இவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் எங்களை வாட்டியது. அம்மா அவர் இருக்கும் நேரம் முழுக்க வேதப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருப்பாள். ஒரு பக்கம்கூடத் திரும்பாது. அந்த நாட்களில் பூவாற்றுப் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண்ணிடம் நிறைய மீன் வாங்கி, உப்புப் போட்டு முற்றத்திலும் அடுக்களை வாசலிலும் காயவைத்தாள். வீடே நாறியது. எதற்கு இத்தனை கருவாடு என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணனின் காலிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பத் தொடங்கியிருந்தது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

குஞ்சை வெயிலில் விடுவதற்காக நான் முற்றத்துக்குக் கொண்டுபோனபோது அவர் என்னைக் கூப்பிட்டார். "மோளே, அத இஞ்ச கொண்டா. பேடிக்கண்டா." மகளே, பயப்படாதே என்கிறார்; மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. ஒற்றசேகரமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் அவர் வீடு என்றும், அங்கே நிறையக் கோழி உண்டு என்றும் சொன்னார். குஞ்சைப் புரட்டி உள்ளங்கையில் மல்லாத்தி, கால்களை விரலால் சேர்த்துப் பார்த்தார். "காலுக்குத் தீனம் ஒண்ணுமில்ல. அகண்ணு போச்சு, அவ்வளவுதான். கெட்டி வச்சா நிக்கும்." வாழைநாரைக் கிழித்து, இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு விரல் இடம் விட்டுக் கட்டினார். அவ்வளவு மெதுவாக ஒரு ஆண்பிள்ளை எதையும் கட்டி நான் பார்த்ததில்லை. குஞ்சு தடுமாறி விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். உள்ளே மயினியின் முகம் வெளுத்திருந்தது.

"அந்த ஆளுக்க கிட்ட மிண்டாத, கேட்டியா? சிரிக்கவும் செய்யாத" என்றாள். ஆனால் வாழைநார்க் கட்டை அவள் அவிழ்க்கவில்லை. நார் நைந்துபோனபோது அதே அளவுக்கு இடம் விட்டு அவளே மறுபடி கட்டினாள். குஞ்சு நிற்கப் பழகியது. அண்ணன் மட்டும் எழுந்து உட்காரவும் முடியாமல் ஆனான். அவனுக்குக் கஞ்சி கொண்டுபோய்விட்டு இறங்கி வரும்போது மயினி ஏணியின் கடைசிப் படியில் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் முந்தியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குஞ்சு எங்கே என்று கேட்பாள்.

எங்கள் வீட்டில் எல்லாம் மாறிப்போனது ஒரு சாயங்காலம். பெரிய கோழி ஒன்று குஞ்சின் தலையைக் கொத்தி ரத்தம் வந்துவிட்டது. நான் அதைத் தூக்கிக்கொண்டு அழுதபடி ஓடியது பிலாமரத்தடிக்கு. "மஞ்சளும் வேப்பெண்ணெயும் அரச்சுப் போட்டா மதி, அதுவே போதும் மோளே" என்றார் அவர். எனக்கு ஒரே சந்தோஷம். "அது அரச்சு வச்சிருக்கே! ஒரு கிண்ணம் நிறைய உண்டு, எடுத்துட்டு வாறேன்" என்றேன். அவர் குஞ்சின் தலையை விரலால் துடைத்தார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்: "இப்ப கொத்தின காயத்துக்கு எப்ப அரச்சது?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. அவர் தலையைத் தூக்கி எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தார். புகை வராத அடுக்களைக் கூரை. பிறகு முற்றத்தில் காய்ந்த கருவாட்டைப் பார்த்தார். குஞ்சை என் இரண்டு கைகளையும் சேர்க்கச் சொல்லி அதற்குள் வைத்துவிட்டு, வழக்கமாகக் கிளம்பும் நேரத்துக்கு முன்பே எழுந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

வெளிச்சம் இன்னும் நிறைய இருந்தது. அண்ணனை இறக்கி எங்காவது கொண்டுபோக நேரம் இருந்தது. திருப்புறத்து அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தால் சைக்கிளோடு வந்திருப்பார். நான் அடுக்களை வாசலில் குஞ்சோடு நின்றேன். மயினி வந்து, தலைக் காயத்துக்கு மருந்து தடவிவிட்டு, "அந்த ஆளு என்ன கேட்டாரு?" என்றாள். "ஒண்ணும் கேக்கல்ல" என்றேன். ஏச்சு விழும் என்ற பயம்தான் காரணம். வேறு காரணம் ஒன்றும் இல்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து, குஞ்சின் கால்களிலிருந்து நாரை அவிழ்த்துவிட்டாள். குஞ்சு கட்டில்லாமல் அடுக்களையின் குறுக்கே நடந்தது. அன்று அண்ணனுக்கு அவளே கஞ்சி ஊட்டினாள்.

விடிந்ததும் வந்துவிட்டார்கள். இந்த முறை பானையை உருட்டவில்லை. நேராக அடுக்களைக்குப் போய் ஏணி கேட்டார்கள். அண்ணனை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். சுற்றியிருந்த துணியோடு அவன் கால் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. அம்மா தரையில் விழுந்து அழுதாள். மயினி அழவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வண்டி வரை பின்னாலேயே போய் அவனுக்குக் குடிக்கக் கொடுத்தாள். அந்த வயதான போலீஸ்காரர் அவர்களோடு வரவில்லை. பிறகு அவரை நாங்கள் பார்க்கவே இல்லை.

அண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரியில் காவலோடு வைத்திருந்தார்கள். காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். மாதங்கள் கழித்துக் கக்கத்தில் கட்டையோடு திரும்பி வந்தவன் ஒற்றைக் காலால் தையல் மிஷினை மிதிக்கப் பழகினான். எல்லை பிரித்தபோது விளவங்கோடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எங்கள் ஊர் சேராமல் மலையாளப் பக்கமே நின்றது. அண்ணன் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் ஒரே விஷயம்தான்: "எனக்க கூட்டாளிதான் காட்டிக் குடுத்தான். அவனுக்கு மட்டுமாக்கும் தெரியும்." திருப்புறத்து அண்ணன் பார்க்க வந்தபோது முகம் கொடுக்கவில்லை. மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை மிஷினை நிறுத்தாமலே, "எலே, எறங்கிப் போ" என்றான். அதன்பிறகு அவர் வரவில்லை. மயினியின் குஞ்சு பெரிய கோழியாகி, லேசாக நொண்டிக்கொண்டு, மிஷினடியிலேயே சுற்றித் திரியும். அண்ணன் தன் சாப்பாட்டிலிருந்து அதற்கு ஒரு பிடி போடுவான். நான் அதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விடுவேன்.

அண்ணன் அறுபது வயதுக்கு மேல் இருந்து இறந்தான். அவன் போன பிறகு, ஒரு மத்தியானம் மயினியோடு உட்கார்ந்து மரச்சீனி சீவிக்கொண்டிருந்தபோது, அன்று நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். கிண்ணம், மஞ்சள், அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும். மயினி கையை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் மக்களே. நான் அடுக்களைச் சன்னல்ல நிண்ணு கேட்டுட்டேதான் இருந்தேன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "பின்ன ஏன் மயினி அண்ணன்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா அந்தக் காலோட எறங்கி ஓடப் பாத்திருப்பாவ. ஏதாவது விளைக்குள்ள கெடந்து செத்திருப்பாவ. கட்டு அவுக்கும்போ நாத்தம் எனக்கல்லவா தெரியும்? ஆஸ்பத்திரிக்கு நாம கொண்டு போவ ஏலாது. அவனுவ கொண்டு போவட்டும்ணு நெனச்சேன்." சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். "முப்பது வருஷத்துக்கு மேல அவியகூட இருந்தேன். ஒரு நாளும் சொல்லத் தைரியம் வரல்ல. அந்தத் திருப்புறத்து மனுசனை அவிய ஏசும்போ எல்லாம் நான் அடுக்களைக்குப் போயிருவேன். நான் போன பிறவு நீ போய் அவருகிட்டச் சொல்லு. நான் இருக்கும்போ வேண்டாம்."

மயினியை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்துத் திருப்புறத்துக்குப் போனேன். அவர் உயிரோடு இருந்தார். காது மட்டும் கொஞ்சம் மந்தம். மகன் வீட்டு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரென்று சொன்னதும், "தையக்காரனுக்க தங்கச்சியா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே குனிந்து, தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உரக்கச் சொல்ல வேண்டியிருந்ததால் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.  நான் முடித்தபோது அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, சாவும்போவும் அவன் நான்தான்னு நெனச்சிட்டா போனான்?"

இல்லை என்று சொல்லிவிட மனசு துடித்தது. கடைசியில் தெரிந்துகொண்டான், உங்களைக் கேட்டான் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவருடைய கை இன்னும் என் கையைப் பிடித்திருந்தது.

"ஆமா" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.