தாணம்மாள் கழற்றிய பத்தாயம்

தாழக்குடியில் தாணம்மாளைத் தெரியாதவர்கள் இல்லை. பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. மீதிப் பேர் அவளோடு பேசுவதில்லை. காரணம் ஒரு பத்தாயம்.

வருடம் முழுவதற்குமான நெல்லைக் கொட்டிவைக்கும் பலாப்பலகைப் பெட்டி. ஆள் உயரம், இரட்டைக் கட்டில் அகலம். வாசலைவிடப் பெரியது, அறைக்குள்ளேயே வைத்துப் பலகை பலகையாகப் பூட்டியது. நடு அறையில், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி நின்றது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கும் முன் அதைத்தான் பார்ப்பார்கள். செய்வித்தவர் தாணம்மாளின் மாமனார். அவர் போன பிறகு சாவி அவருடைய மூத்த மகள் பகவதியின் இடுப்பில் ஏறியது. புருஷன் செத்ததும் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பகவதிக்கு மிஞ்சிய அதிகாரம் அந்தச் சாவிதான்.

தாணம்மாளின் ஒரே மகள் அன்னக்கிளிக்கு எட்டு வயதில் மூச்சிழுப்பு கண்டது. ஐம்பத்து மூன்றாம் வருடம் ஐப்பசியில் ஒரு நாள் உதடு நீலம் பாரித்து, பிள்ளை போய்விட்டாள் என்றே அழுதார்கள்.

"உன் தாய்வீட்டுச் சீதனமாக்கும் இது," என்றாள் பகவதி. "எங்க வம்சத்துல எவனுக்குட்டி நெஞ்சு இழுத்துது?"

தரையின் ஈரம் ஆகாது என்று தாணம்மாள் மகளைப் பத்தாயத்து மூடியின்மேல் பாய் விரித்துப் படுக்கவைத்தாள். அந்தப் பக்கத்து வீடுகளில் நோயாளிக்குக் கிடைக்கும் நல்ல படுக்கை அதுதான். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, தூசி ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். தினம் இரண்டு முறை பெருக்கினாள். இழுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

பிறகு அடுக்களைச் சுவரில் கரியால் குறிக்கத் தொடங்கினாள். இழுப்பு வந்த நாளுக்கு ஒரு கோடு. தயிர் தின்றால் ஒரு புள்ளி, பனி விழுந்தால் ஒரு பெருக்கல் குறி, பத்தாயம் திறந்து நெல் எடுத்தால் ஒரு வட்டம். நாலு மாதத்தில் தயிர் பழியிலிருந்து தப்பியது, பனியும் தப்பியது. வட்டத்தை ஒட்டியே கோடுகள் நின்றன. பிள்ளையைத் தூசியின்மேல் கிடத்தியது தன் கைதான் என்று அன்று அவளுக்குத் தெரிந்தது.

மாசி மாதம். அறுப்புக்குப் பத்து நாள் இருந்தது, பத்தாயம் காலி. புது நெல் உள்ளே போய்விட்டால் பிறகு அதை அசைக்க முடியாது. பிள்ளை இன்னொரு மழைக்காலம் தாங்குவாள் என்று தாணம்மாளுக்கு நம்பிக்கை இல்லை. மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று கூட்டத்துக்குக் கூட்டம் அலைந்துகொண்டிருந்த புருஷன் சிவதாணுவிடம் கேட்டாள்.

"அக்காகிட்ட கேளு," என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஆசாரி முத்துநாயகமும் மறுத்தார். "பகவதிப் பெரியம்மை சொல்லாம நான் உளி தொட மாட்டேன்." ஆனால் படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தார். "ஆணி கெடையாது, கேட்டியளா? முகப்புல வலப்பக்கத்து ஆப்பத் தட்டினா பலக உருவி வரும். நான் ஒண்ணும் சொல்லல்ல."

மறுநாள் விடியும்போதே அன்னக்கிளியை அடுத்த தெருவில் ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்து உலக்கையை எடுத்தாள். அதற்குள் பகவதி வெற்றிலைச் செல்லப் பெட்டியோடு பத்தாயத்தின்மேல் ஏறிச் சம்மணம் போட்டுவிட்டாள். வாசலில் கூட்டம் கூடியது.

"மாப்பிள நாட்டப் பிரிக்க அலையான், பெண்டாட்டி பத்தாயத்தப் பிரிக்கா. நல்ல சோடி!"

வாசலில் யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

"இறங்குங்க மைனி," என்றாள் தாணம்மாள் நாத்தனாரிடம்.

"பத்தாயமில்லாத வீட்டுல சம்பந்தம் பேச எவன் வருவான்? உன் மவள எவன் கெட்டுவான்?"

"கெட்டிக்குடுக்க மொதல்ல பிள்ள உசுரோட வேணும் மைனி."

"நாக்கப் பாரு நாக்க!"

மூடியைத் தாணம்மாள் தொடவே இல்லை. நாலு மூலைக் கால்கள் அதைத் தாங்கிக்கொண்டன. உலக்கைப் பூணால் ஆப்பைத் தட்டினாள். முதல் பலகை உருவியது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதை இழுத்ததும் இருபது வருடத்துத் தூசி, உமி, அந்துப்பூச்சி, எலிப்புழுக்கை எல்லாம் புகைபோல் எழுந்தன.

பகவதி தும்மத் தொடங்கினாள். பதினொன்று என்று வாசலில் யாரோ எண்ணினார்கள். பிறகு தும்மல் நின்று மூச்சு இழுத்தது. கண் சிவக்க, செல்லத்தை விட்டுவிட்டு இறங்கி முற்றத்துக்கு ஓடினாள். தாணம்மாள் தண்ணீர் கொண்டுபோனாள். பகவதி செம்பைத் தட்டிவிட்டாள்.

"வேணும்னுதான செய்த? என்னக் கொல்லப் பாத்தியாட்டி?"

"நீங்க ஒரு நாழிக இருந்திய. எம் பிள்ள மாசக்கணக்கா அதுமேல கெடந்தா."

சாயங்காலம் வந்த சிவதாணுவுக்குப் பலகை சுமப்பதைத் தவிர வேலை மிஞ்சவில்லை. தொழுவத்தை ஒட்டிய சாய்ப்புக் கொட்டகையில் பத்தாயத்தை மறுபடி பூட்டினார்கள். முன்பு அது மறைத்து நின்ற சுவரில், கொண்டி துருப்பிடித்த ஒரு ஜன்னல் இருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்தாள். மறுநாள் காலையில் கிழக்கு வெயில் முதல் தடவையாக நடு அறைத் தரையில் விழுந்தது. அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பழஞ்சாக்குகளை எரித்து, ஜன்னலோரம் பிள்ளைக்கு ஒரு கயிற்றுக்கட்டில் போட்டாள்.

பகவதி பாயைச் சுருட்டிக்கொண்டு சாய்ப்புக்குப் போனாள். "பத்தாயம் இருக்குத இடந்தான் எங்கப்பன் வீடு." போகும் முன் மிச்சச் சுண்ணாம்பை எடுத்து அடுக்களைக் கரிக்கோடுகளை மெழுகி அழித்தாள். தாணம்மாள் தடுக்கவில்லை. வெள்ளைச் சுவரில் முதலிலிருந்து குறிக்கக் கரியோடு காத்திருந்தாள். அந்த மழைக்காலம் முழுவதும் இரண்டு கோடுகள்தான்.

ஐம்பத்தாறு நவம்பரில் நாடு பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சிவதாணு மிட்டாய் வாங்கி வந்தான். அன்னக்கிளி தெருக்கோடிவரை ஓடிக் கொடுத்துவிட்டு ஓடியே திரும்பினாள். கடைசி மிட்டாயைத் தாணம்மாள் சாய்ப்புக்குக் கொண்டுபோனாள்.

"பனி விழுது. உள்ள வந்து படுங்க மைனி."

"மொதல்ல பத்தாயத்த உள்ள கொண்டா," என்றாள் பகவதி, மிட்டாயைத் தொடாமல்.

"அப்ப இங்கயே கெடங்க," என்றாள் தாணம்மாள்.