முசுறு போன தோப்பு

மூன்று வாரத்துக்கு முன் அண்ணாகிராமம் பக்கத்தில் இருக்கும் மச்சான் செல்வத்தின் முந்திரித் தோப்புக்குப் போனேன். உள்ளே நாலு அடி வைத்ததும் கால் நின்றுவிட்டது.

பூங்கொத்துகள் கருகிக் கிடந்தன. ஒன்றிரண்டு மரத்தில் அல்ல... தோப்பு முழுக்க. மாசி மாதம் பிஞ்சு தொங்க வேண்டிய கிளைகளில் காய்ந்த குச்சிகள்.

"என்னாச்சு செல்வம்?"

"தேயிலைக் கொசுன்னு ஒரு பூச்சி மாமா. துளிரையும் பூவையும் உறிஞ்சிடுச்சி. ரெண்டு வாட்டி மருந்து அடிச்சேன். போவுது, திரும்ப ஜாஸ்தியா வருது."

செல்வம் என் மனைவியின் தம்பி. மூத்த மகளைக் கடலூரில் காலேஜ் சேர்க்க இந்த விளைச்சலைத்தான் நம்பியிருந்தான்.

அவன் மனைவி மல்லிகா, "வாங்கண்ணா, ஒண்ணு காட்டுறேன்" என்று கிணற்று மூலைக்கு அழைத்துப் போனாள்.

அங்கே ஒரே ஒரு மரம் மட்டும் பச்சையாக, பூவும் பிஞ்சுமாக நின்றது. எப்படி?

"கிட்டப் போய்ப் பாருங்க."

இலைகளை ஒட்டித் தைத்த பந்து பந்தான கூடுகள். கிளையெல்லாம் முசுறு — அந்தச் சிவப்பு எறும்பு. நாலைந்து சேர்ந்து செத்த கொசு ஒன்றை இழுத்துப் போய்க்கொண்டிருந்தன.

"முள்வேலி குறுக்க இருந்துச்சா, ஸ்ப்ரேயர் எட்டலை. இது ஒண்ணுதான் தப்பிச்சிது" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பார்க்காததற்குக் காரணம் உண்டு.

ஆயுத பூஜை லீவில் வந்தபோது கழுத்தில் முசுறு கடித்து நான் போட்ட ஆட்டம் கொஞ்சமல்ல. "இதுங்கள வெச்சிக்கிட்டு எப்படிப்பா வேலை செய்யறீங்க?" என்றேன். "இருந்துட்டுப் போவட்டும் மாமா" என்றான் செல்வம். கேட்டேனா? மறுநாளே பண்ருட்டிக்குப் பைக்கில் போய் மருந்து வாங்கி வந்தது நான்தான். மூன்று நாளில் தோப்பில் ஒரு எறும்பு கண்ணில் படவில்லை. பெருமையாக வேறு இருந்தது.

வெயிலை வைத்து மரம் சமைக்கிறது. அதைக் கொசு உறிஞ்சுகிறது. கொசுவை எறும்பு தின்கிறது, எறும்பைக் குருவி கொத்துகிறது. வெயிலின் சக்தி இப்படிக் கைமாறிப் போகிறவரை யாரும் எல்லை மீறுவதில்லை. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்து மார்க்கும் வாங்கியவன் நான். நடுவில் ஒருவரைத் தூக்கிவிட்டால்? மருந்தில் கொசுவும்தான் செத்தது. ஆனால் பக்கத்துத் தோப்பிலிருந்து பறந்து வந்துவிட்டது. எறும்பு நடந்தல்லவா வரவேண்டும்...

"எல்லாம் என்னால வந்தது" என்றேன்.

"அடிச்சது நான்தானே மாமா" என்றான் செல்வம். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அன்றே நாலைந்து கூடுகளைக் கிளையோடு வெட்டிச் சாக்கில் கட்டி, நடுத்தோப்பு மரங்களில் வைத்தோம். எறும்பு போய்வர மரத்துக்கு மரம் கயிறு கட்டினாள் மல்லிகா. தீனிக்கு மீன் கழிவையும் தொங்கவிட்டாள்.

நேற்று போன் செய்தாள். "மூணு மரத்துல புதுசாக் கூடு கட்டியிருக்குதுண்ணா. இந்த வருஷக் காய் போனது போனதுதான்."

மூத்தவள் கடலூரில் எங்கள் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும், காலேஜ் என் பொறுப்பு என்றேன். "சரிண்ணா" என்றாள்.

சில இடங்களில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பதும் ஒரு வேலைதான்!