இடது குழாயில் தண்ணீர்

ஏரிக்கரைப் படகுப் பட்டறையில் அவருக்கு மிளகாய் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அலுமினியம் பற்றவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை, திட்டுவதிலும் அப்படித்தான். வெல்டிங் கம்பி கொண்டுவருகிறவன் தாமதமாக வந்தால் ஏன் தாமதம் என்று கத்துவார், நேரத்துக்கு முன்பே வந்தால் உனக்கு வேறு பிழைப்பே இல்லையா என்று கத்துவார்.

அவர் மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றும் மிதவைப் படகை அவள் ஓட்டினாள். எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. ஒரு நடைக்கு நாற்பது பேர், ஒரு நாளைக்கு எட்டு நடை. மில்லுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் அவளை நம்பித்தான் ஏறினார்கள்.

மிதவைப் படகு என்பது பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் பலகைத் தளம், பெஞ்சுகள், தகரக் கூரை. குழாய்க்குள் காற்று இருக்கிறவரைக்கும்தான் அது படகு.

"இடது பக்கமா சாயுதுங்க. திருப்பும்போது ஸ்டியரிங் இழுக்குது" என்று ஒரு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நிழல் பக்கமாப் பாத்து எல்லாரும் குந்திக்கிறாங்க, சாயாம என்ன பண்ணும்? ஆளுங்களைப் பிரிச்சு உக்கார வை. உனக்கு ஓட்டத் தெரியலைன்னா படகைக் குத்தம் சொல்லாத."

அவள் மேற்கொண்டு பேசவில்லை. பேசினால் இன்னும் கால் மணி நேரம் கேட்க வேண்டும், அதற்குள் சோறு ஆறிவிடும். வியாழக்கிழமை நடு ஏரியில் முன்பக்கத்து இடது மூலையில் தண்ணீர் தளத்தின் மேலேயே ஏறி, உட்கார்ந்திருந்தவர்களின் செருப்பை நனைத்தது. அவள் இன்ஜினைத் தணித்து, எல்லோரையும் மெதுவாக வலது பக்கம் நகரச் சொல்லி, நாற்பது பேரையும் கரை சேர்த்தாள்.

மறுநாள் காலை படகைக் கரைக்கு இழுத்துப் பட்டறைக்குள் நிறுத்தினார்கள். மிளகாய் வந்து நின்றதுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டார். பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறதா இந்தக் கம்பெனியில் என்று கேட்டார். கரையில் முட்டும் டிரைவர்களைத் திட்டினார். மட்டமான தகட்டை விற்றவனின் பரம்பரையையே இழுத்தார். மனைவி ஒரு மாதமாகச் சொன்னதைத் தான் காதில் போட்டுக்கொள்ளாதது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்தில் பெயிண்டர் சுரண்டியை வைத்துக்கொண்டு தலையாட்டினார். பதினைந்து வருடப் பழக்கம், தலை தானாக ஆடும்.

இடது குழாயின் பின்பக்கத்து அடைப்புத் திருகைக் கழற்றியதும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று, நிற்கிற வழியாக இல்லை.

"என்னங்க இது, ஏரியே உள்ள இருக்கும் போல" என்றார் பெயிண்டர்.

மிளகாயின் வாய் நின்றது. அந்தக் குழாய்க்குள் குறுக்கே இரண்டு தடுப்புச் சுவர்கள் உண்டு. மூன்று அறை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகு. ஓர் அறை ஓட்டையானாலும் மற்ற இரண்டும் படகைத் தாங்கும், அதற்குத்தான் அந்தச் சுவர்கள். பின்னறையில் இவ்வளவு தண்ணீர் பிடிக்க இடமே கிடையாது.

எல்லாம் வடிந்த பிறகு, முன்னறைத் திருகின் இடத்தில் கம்ப்ரசர் குழாயைப் பொருத்திக் காற்றைக் கொஞ்சமாக விட்டார். அதிகம் விட்டால் பற்றவைத்த தையல் பிளந்துவிடும். சோப்புத் தண்ணீரைத் தடவியதும் கரையில் முட்டும் இடத்துத் தையலில் குமிழி கட்டியது. ஓட்டை கிடைத்துவிட்டது, வெள்ளரி விதை அளவுதான். ஆனால் இன்னொரு சத்தமும் கேட்டது. திறந்து கிடந்த பின்னறைத் திருகு வழியாக உஸ்ஸென்று காற்று வந்துகொண்டிருந்தது.

முன்னால் விட்ட காற்று பின்னால் வருகிறது என்றால் நடுவில் சுவர் இல்லை என்று அர்த்தம். மிளகாய்க்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

"எவனோ சுவத்துல ஓட்டை போட்டிருக்கான்யா. மூணு அறையையும் ஒண்ணாக்கி வெச்சிருக்கான். ஒரு இடத்துல ஒழுகினா மொத்தக் குழாயும் ரொம்பும். என் பொண்டாட்டி இதுல தினம் நாப்பது பேரை ஏத்திட்டுப் போறா. அந்தப் பாவி மட்டும் என் கையில கிடைச்சான், அவன் விரலை ஒடிச்சு அடுப்புல வெப்பேன்."

"மேலால வெட்டித்தான் உள்ள கை விட்டிருக்கணும்" என்றார் பெயிண்டர். குழாயின் முதுகில் நீலப் பெயிண்டைச் சுரண்டினார். நீலத்துக்குக் கீழே பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே, உள்ளங்கை அளவில் ஒட்டுத் தகடு ஒன்று வந்தது. அடுத்த சுவர் இருக்கும் இடத்திலும் அதேபோல் ஒன்று இருந்தது.

மிளகாய் குனிந்து பார்த்தார். தகட்டைச் சுற்றிப் பற்றவைப்பு அலை அலையாக, அழகாக, எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடியது. வலது கைக்காரன் போட்டால் அப்படிச் சாயாது. அந்தப் பட்டறையில் இடது கைக்காரர் ஒருவர்தான். பெயிண்டரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுரண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான்கு வருடம் முன்பு அது பச்சைப் படகு. ஆள் ஏற்றாது, சாமான் மட்டும். மூன்று திருகையும் கழற்றித் தண்ணீர் பார்க்க நேரமாகிறது, சுவரில் துளை போட்டு விடுங்கள், எல்லாம் ஒரே வழியாக வடியட்டும் என்று மேனேஜர் சொன்னார். மிளகாய் குதியாய்க் குதித்தார். சுவர் எதற்கு இருக்கிறது என்று அரை மணி நேரம் பட்டறை அதிரக் கத்தினார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மிளகாயைக் கத்த விட்டால் வேலை தன்னால் நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அப்படியே நடந்தது. இவன்களுக்கு இதுதான் வேண்டுமென்றால் அனுபவிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார், துளைத்தார், தகடு வைத்து மூடினார். வீட்டுக்குப் போய் மேனேஜரைத் திட்டித் தீர்த்தார். செய்ததைச் சொல்லவில்லை. அடுத்த வருடம் அதற்குப் பெஞ்சும் கூரையும் நீலப் பெயிண்டும் வந்தன, அதற்கடுத்த வருடம் டிரைவரம்மாவும் வந்தாள். எது எந்தப் படகு என்று அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பகல் சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் வந்தார், பின்னாலேயே டிரைவரம்மாவும் வந்தாள். மிளகாய் தகட்டைக் காட்டினார். யார் செய்தது என்று அவள் கேட்டாள்.

"நான்தான்" என்றார். அந்த வார்த்தையை அவர் கத்தாமல் சொன்னதால் பெயிண்டர் நிமிர்ந்து பார்த்தார்.

மேனேஜருக்கு முகம் தெளிந்துவிட்டது. "அப்ப பிரச்சினையே இல்லையே. நீங்க செஞ்ச வேலை, நாலு வருஷம் ஓடியிருக்கு. அந்தச் சின்ன ஓட்டையை மட்டும் அடைச்சிடுங்க, நாளைக்குக் காலையில முதல் நடை போகட்டும்."

மிளகாய்க்கு ரத்தம் கொதித்தது. தன் தப்பையே எடுத்துத் தனக்குச் சான்றிதழாக நீட்டுகிறானே என்று ஆத்திரமாக வந்தது. வாய்க்கு வந்தபடி ஆரம்பித்தார். மனுஷனா நீ என்றார், நாற்பது உசிரு சார் என்றார், உங்கள் வீட்டு ஆள் ஏறினால் இப்படிச் சொல்வீர்களா என்றார். மேனேஜர் கைகளைக் கட்டிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கியவர் மழை விடக் காத்திருப்பதைப்போல அது முடியக் காத்திருந்தார். முடிந்ததும், "சரி, கம்ப்ரசரை எடுத்து வெச்சிட்டு ஓட்டையை அடைங்க" என்றார்.

மிளகாயின் கை வெல்டிங் முகமூடியை எடுக்க நீண்டது. அது நீண்டதை மூவரும் பார்த்தார்கள்.

"முடியாது சார்" என்றாள் டிரைவரம்மா.

"என்னம்மா?"

"சுவத்தை அடைச்சு, மூணு அறையும் தனித்தனியாக் காத்து நிக்குதான்னு நான் பாக்கணும். அதுவரைக்கும் நான் இதை எடுக்க மாட்டேன். வேற யாரையாவது ஓட்டச் சொன்னீங்கன்னா, துறையில நின்னு ஏறுற ஒவ்வொருத்தர்கிட்டயும் விஷயத்தைச் சொல்லுவேன்."

அவள் குரல் ஏறவே இல்லை. மேனேஜர் அவளைப் பார்த்தார், மிளகாயைப் பார்த்தார், முடியட்டும் என்று காத்திருக்க அங்கே கத்தல் எதுவும் இல்லை. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

"எட்டு நாள்" என்றார் மிளகாய்.

"செய்ங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். பெயிண்டரும் டீ குடிக்க வேண்டும் என்று நழுவினார்.

அவள் தகட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் ஏதாவது சொல்லப் பார்த்தார்.

"இருங்க. நான் பேசுறேன்" என்றாள். "கட்டிக்கிட்டு இருபது வருஷமாச்சு. என்கிட்ட கத்தியிருக்கீங்க, கம்பி கொண்டு வர்றவன்கிட்ட கத்தியிருக்கீங்க, இந்த மேனேஜர்கிட்டயும் ஊர் கேக்கக் கத்தியிருக்கீங்க. யாருகிட்டயாவது, ஒரே ஒரு தடவை, முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், ஆனால் அவருக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.