ஒரு கூடை மண்

"மண்ணுக்குச் சீக்குன்னு சொல்லுதியே ஏட்டி, எங்க, அத நாக்க நீட்டச் சொல்லு பாப்போம்!"

பக்கத்து வயல்கார அண்ணாச்சி வரப்பில் நின்று என்னிடம் இப்படிக் கேட்டதும் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் எங்கள் வயல் மண்ணைத்தான் சோதித்தேன். எந்த உரம் எவ்வளவு என்று எழுதி, அப்பாவுக்கு வாசித்தும் காட்டினேன். அந்தப் போகம் தக்காளி காய்த்துத் தள்ளியது. அதன்பிறகு அந்த வரப்பில் நான் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக விளைந்த வயலிலிருந்து ஒரு கூடை மண் வாங்கிப்போய், நடவுக்கு முன் தங்கள் வயலில் தூவுவார்கள். கேட்டால் மறுக்கக் கூடாது. கடைசிப் பறிப்பு நடந்தபோது அண்ணாச்சியே கூடையோடு வந்தார்.

"ஒங் கையால வெட்டிக் குடு தாயி. ராசியான கை."

வெட்டிக் கொடுத்தேன். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் நானே கொடுத்தேன்.

இரண்டு நாளில் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்து மலை தெரியவில்லை. வெயிலே இல்லை, மண் நசநசவென்று ஈரம். ஆனாலும் வாய்க்கால் ஓரத்துச் செடிகள் மத்தியானத்தில் தலை தொங்கின. மறுநாள் அடுத்த வரிசையும் தொங்கியது.

ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் நெடுக முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு மண்ணோடு போகும். போன இடத்தில் பெருகும். மண்ணின் சத்தை அளந்து அளந்து எழுதிய நான், ஒரு வேரைக்கூடப் பிடுங்கிப் பார்த்திருக்கவில்லை.

அப்பா அந்த வேரை வாங்கிப் பார்த்தார்.

"வெளிய சொல்லாத. பக்கத்து வயக்காரன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்."

"சொல்லலைன்னா அவுக வயலும் போயிருமேப்பா."



பிடுங்கிய செடியைப் பையில் கட்டிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வாசலோரம் மண்கூடை ஓலை மூடி இருந்தது. நாளை நடவு.

"நாக்க நீட்டச் சொன்னீயள்லா அண்ணாச்சி," என்று வேரைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. வேரை நெருட நெருட அவர் முகம் மாறியது. கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

இரண்டாவது வீட்டிலும் மண் அப்படியே இருந்தது. மூன்றாவது வீட்டில் காலிக் கூடையைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். முந்தின நாளே தூவி, உழுதும் விட்டார்களாம். சக்கரத்தில் அந்த மண் ஒட்டிய உழவு டிராக்டர் அங்கிருந்து எந்த வயலுக்குப் போனது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் வயல் வழியை முள் வெட்டிப்போட்டு அடைத்துவிட்டேன். பரிசோதனைக்கு அனுப்பிய வேரின் சீட்டில், நோய் கண்ட வயல் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதினேன். மண் எங்கெல்லாம் போனது என்ற இடத்தில் மூன்று பெயர்களை எழுதி, கீழே சில வரிகளைக் காலியாக விட்டிருக்கிறேன். இப்போது டிராக்டர்காரர் வீட்டு வாசலில் நிற்கிறேன்.