கதவுப் பாட்டு

போன வாரம் என் மகள் போனில் ஒரு பாட்டு வைத்தாள். கிதார் ரம்பம் போல அறுத்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் குழாயடிச் சண்டை போடுவது போலக் கத்திக்கொண்டிருந்தாள். "இதுக்குப் பேரு பங்க் ராக்கும்மா. ஒனக்கெல்லாம் புரியாது" என்றாள். நான் தலையாட்டிவிட்டுக் கீரையை ஆய்ந்தேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் நான். ஒன்பது வயதில் இதே இரைச்சலுக்கு ஜாடி அடித்தவள் என்று சொன்னால் அவள் நம்பப் போவதில்லை.

எங்கள் குழுவில் மூன்று பேர். அம்மாவின் தங்கையான சித்தி, பாட்டும் கிதாரும். அவளுக்கும் இளையவரான மாமா மைக்செட் கடையில் வேலை பார்த்ததால் சத்தம் அவர் பொறுப்பு. ஜாடியைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் அடிப்பது நான்.

சித்தி பீங்கான் கம்பெனியில் தட்டிப் பார்க்கிற வேலையில் இருந்தாள். சூளையிலிருந்து வரும் கப்பையும் ஜாடியையும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்னக் குச்சியால் தட்டுவார்கள். 'கிண்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் விரிசல், கழிவு. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் 'டொக்'தான், என் ஜாடி உட்பட. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது சித்தி தன் காபியைக் குடிக்காமல் எனக்குக் கொடுத்துவிடுவாள். என் மேல் அவ்வளவு பிரியம் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

பாண்டிச்சேரிக்கு மைக்செட் கட்டப் போன மாமா, ஒரு பழைய கேசட்டைக் கொண்டுவந்தார். பெயரெல்லாம் அழிந்துபோயிருந்தது. போட்டால் வெள்ளைக்காரப் பெண்களின் ஒரே கூச்சல். சித்தி மட்டும் டேப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இவளுங்களுக்கும் பாடத் தெரியலடா. ஆனா பாடுறாளுங்க பாரு."

சர்ச் பாடகர் குழுவில் 'மெதுவா பாடும்மா' என்று சொல்லிச் சொல்லியே கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டவள் அவள். சர்ச்சில் பழுதாகிக் கிடந்த கிதாரைக் கேட்டு வாங்கிவந்தாள். அதில் நாலு கம்பிதான் மிச்சம். மாமா அதன் வயிற்றுக்குள் மைக்கைத் திணித்து, குழாய் ஸ்பீக்கரில் கொடுத்தார். கேசட்டில் கேட்ட அதே ரம்பம். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "என்னாங்க, வூட்ல ஆடு கீடு அறுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

கம்பெனியில் ஆயுத பூஜை வந்தது. அன்று குடும்பத்தோடு போகலாம். மைக்செட் மாமாவின் கடையுடையது, அதோடு எங்கள் கிதாரும் ஜாடியும் போயின. சூளைக்கு மாலை போட்டிருந்தார்கள். தட்டுகிற குச்சிகளெல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்கு முன்னால் இருந்தன. மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. எல்லோர் கையிலும் கப்பில் பாயசம். "சர்ச்சுல பாடுற பொண்ணுதான, மொதல்ல ஒரு சாமிப் பாட்டு பாடட்டும்" என்று மேனேஜரே சித்தியை மேடைக்கு அழைத்தார்.

"அக்கா, வேல போயிடும்" என்றார் மாமா.

"போனா போவுது. கதவு வரட்டும்."

கொட்டகைக்குப் பின்னாலிருந்த பெண்கள் கக்கூஸின் கதவு உளுத்து விழுந்து வெகு நாளாகியிருந்தது. கேட்கும்போதெல்லாம் மேனேஜர் "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். சித்தி கம்பியை இழுத்து அடித்தாள். வேப்ப மரத்துக் காக்கைகள் பறந்தன.

காலையில வந்து ஒக்காந்தா
சாயங்காலம் வரைக்கும் அடக்குறோம்
கதவு எங்க? கதவு எங்க?

முதலாளி பாயசக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ஆம்ப்ளிஃபயரை அணைக்க ஓடிவந்தார். மாமா குறுக்கே நின்று, "தொடாதீங்க சார், ஷாக்கடிக்கும்" என்றார். எல்லாக் கண்களும் என் மேலேயே இருப்பது போலிருந்தது. என் கை நின்றுவிட்டது. சித்தியின் குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு 'கிண்'.

யாரோ விரல் முட்டியால் பாயசக் கப்பைத் தட்டியிருக்கிறார்கள். அடுத்து இன்னொன்று. பிறகு வரிசை முழுவதும். குச்சி இல்லாவிட்டால் என்ன, வாழ்நாளெல்லாம் தட்டின கைகள். ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு ஜாடியைப் பிளந்துவிடுவது போல அடித்தேன். 'கதவு எங்க' என்று சித்தி கேட்க வேண்டிய இடத்தில் கொட்டகையே கேட்டது.

முதல் வரிசையில் இருந்த முதலாளியின் மனைவி எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனார். முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி திரும்பி வந்து, கணவர் காதில் ஏதோ சொன்னார். அவர் நிமிராமலேயே தலையாட்டினார்.

தீபாவளிக்கு முன்பே கதவு வந்துவிட்டது. பச்சைப் பெயிண்ட், உள்ளே தாழ்ப்பாள். சித்தியின் வேலையும் போகவில்லை. அவள் தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள் "கதவு எங்க?" என்று கத்துவார்கள். அவள் ராணி மாதிரி கையாட்டுவாள். அடுத்த வருடம் ஆயுத பூஜைக்குக் கம்பெனி மைக்செட் எடுக்கவில்லை.

எனக்கு மட்டும் ஒரு மனக்குறை. கதவு வந்த மறுநாள் காலையில் வழக்கம்போல நான் கை நீட்டினேன். சித்தி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காபியை முழுவதும் தானே குடித்தாள். போதாததற்கு மேலே ஒரு செம்புத் தண்ணீர் வேறு. பேர் வந்ததும் சித்திக்குத் திமிர் ஏறிவிட்டது என்று நினைத்து, நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.