நாக்குச்செடி யாருடையது

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றுகூட சம்ப்பில் விழவில்லை. அதற்குக் காரணம் நான் உண்டாக்கிய நாக்குச்செடி.

ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருந்த வீட்டில் சம்ப், அதாவது தண்ணீர்த் தொட்டி, தரைக்குள் இருந்தது. உடைந்த மூடியை வீட்டுச் சொந்தக்காரர் மாற்றவே இல்லை. நான் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது? தொட்டி ஓரம் சேம்பு மண்டியிருந்தது. அதைக் காட்டினேன்.

"அது நாக்குச்செடி. இலையில பலாப்பிசின் மாதிரி பசை. சின்னதா இருக்கும்போது பல்லி தின்னும், அப்புறம் கோழிக்குஞ்சு. வளந்துட்டா பிள்ளைங்கதான். பாதத்தைத்தான் முதல்ல நக்கிப் பாக்கும்."

மழையில் குட்டி போடும், எலும்பை வேருக்கடியில் சேர்த்து வைக்கும் என்றும் சொன்னேன்.

பெரியவன் மட்டும் நம்பவில்லை. அவனுக்காகவே ஞாயிற்றுக்கிழமை மீன் தலையும் குடலும் அதன் அடியில் வைப்பேன். விடிந்தால் ஒன்றும் இருக்காது. பூனை தின்றுவிடும். அதன்பிறகு அவனும் அந்தப் பக்கம் போகவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தால் பிள்ளைகளை மடியில் வைத்து, கையை நாக்கு மாதிரி ஆட்டி, அதையே கதையாகச் சொல்வார். நான் அப்போது அடுப்படியில் இருப்பேன்.

போன வாரம் பேத்தியின் பள்ளியில், உலகத்தில் இல்லாத செடி ஒன்றை வரைந்து வரச் சொன்னார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி ஃப்ளாட்டில் பெரியவன் சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். கீழே 'தாத்தா கண்டுபிடித்த செடி' என்று எழுதினாள்.

"யாருடா கண்டுபிடிச்சது?" என்றேன்.

"அப்பாதாம்மா. நீ எங்க கதை சொன்ன? திட்டத்தானே செஞ்ச." மருமகளைப் பார்த்துச் சிரித்தான். "அம்மாவே நம்பிடுச்சு தெரியுமா? வாராவாரம் அதுக்கு மீன் தலை வைக்கும்."

"ஐயோ அத்தை," என்று அவளும் சிரித்தாள்.

அவர் இப்போது இல்லை. இருந்தால் அவரையே கேட்டிருப்பேன். நான் வாயைத் திறந்தால் இவன் காதில் திட்டாகத்தான் விழும். அதனால் இதை எழுத்துக்கூட்டி எழுதினேன்.

கண்ணு, இதை நீ படி. உன் படிப்பும் என் எழுத்து மாதிரி தட்டித்தடவித்தான் வரும், பரவாயில்லை. இப்போது வேண்டாம். உங்கப்பன் கம்பெனி வண்டியை விட்டு இறங்கி வந்து, சோற்றில் கை வைக்கட்டும். அப்போது உரக்கப் படி. சிரித்தானென்றால், மீன் தலை வருகிற இடத்திலிருந்து மறுபடி படி.