குதிக்காதவர்களின் குளிர்காலம்

வானத்திலிருந்து குதிப்பவர்களை ஊரார் மெச்சுவார்கள். அவர்கள் கடைசியாகக் குதித்த தேதி எது என்று கேட்பவரை யாரும் மெச்சுவதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் ஐந்து குளிர்காலங்களுக்கு என் உத்தியோகமாக இருந்தது. குவைத்தில், அப்பாசியா பகுதியின் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றேன். பின்னர் கணவரின் வேலை காரணமாக அல் ஐன் நகருக்கு வந்தபோது, நகருக்கு வெளியே மணலின் நடுவே இருந்த ஒரு பாராசூட் மன்றத்தில், வெள்ளி சனிகளில் மட்டும், எனக்கொரு மேசை கிடைத்தது. குரலை உயர்த்தாமல் மறுக்கத் தெரிந்தவர் தேவை என்றார்கள். பிறருடைய தேதிகளைச் சரிபார்த்து, அதற்காகவே பகை சம்பாதித்த நூலகர்களுக்கும் தேர்வறைக் கண்காணிப்பாளர்களுக்கும் நான் எழுதுவது புதிதாக இராது.

மன்றத்தின் விதி எளியது. புதிதாக உரிமம் பெற்றவர் முப்பது நாளுக்கு ஒரு முறையேனும் குதித்திருக்க வேண்டும். தவறினால் தரையில் ஓர் எழுத்துத் தேர்வு, அதன்பின் பயிற்றுநர் உடன்வர ஒரு குதிப்பு. தொண்ணூறு நாளும் தவறினால் உரிமம் செல்லாது; முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். வளைகுடாவின் குளிர்காலம் குதிப்பதற்கென்றே அமைந்த பருவம் என்று எங்கள் விளம்பரத்தாள் கூறியது. அதை எழுதியவர் ஜனவரி மாதத்தில் எங்கள் பக்கம் வந்ததற்குச் சான்று இல்லை.

பனிக்கு மேலே

கதிரேசன் மதுரைக்காரர், துபாயில், கராமாவில் மனைவியோடு குடியிருந்தார். குளிர்சாதன நிறுவனம் ஒன்றில் பொறியாளர். டிசம்பரின் முதல் சனிக்கிழமையன்று, அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து, பயிற்சியின் கடைசிக் குதிப்பை முடித்து உரிமம் பெற்றார். அன்று முதல் அவருக்கு நாட்கணக்கு தொடங்கியது. அதே வாரம் மூடுபனியும் தொடங்கியது.

அடுத்த வெள்ளி காலை ஆறரை மணிக்கு அவர் என் மேசைக்கு முன்னால் முழு உடுப்பில், தலைக்கவசத்தோடு நின்றார். சன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டியே தெரியவில்லை. விமானம் ஏறாது என்றேன். அவர் விமானியைக் கேட்டார். அவரும் ஏறாது என்றார். பயிற்றுநர் ஒரு நியூசிலாந்துக்காரர், பேச்சைச் சிக்கனமாகச் செலவிடுபவர். அவர் தலையை மட்டும் அசைத்தார். மூவரிடமும் ஒரே விடை கிடைத்ததால், விடை தவறு என்ற முடிவுக்குக் கதிரேசன் வந்தார். என்னருகே குனிந்து, வகுப்பில் கடைசி மதிப்பெண் வாங்கியவனுக்கு விளக்கும் பொறுமையோடு சொன்னார்:

"மேல வெயில் அடிச்சுக்கிட்டுதான் இருக்கு டீச்சர். அப்புறம் என்ன?"

தெளிவான வானம்

அந்த மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைகள் முழுவதும் பனியில் கழிந்தன. அவற்றில் ஒன்றில் நான் ஒரே செய்தித்தாளை இரண்டு முறை, மணமகன் தேவை உட்பட, படித்து முடித்தேன். ஆகவே அந்தத் தேதி எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஜனவரியில் சென்னை இளைஞர் ஒருவர், வங்கி அதிகாரி, தம் குதிப்புப் பதிவேட்டை நீட்டினார். அதே தேதியில் ஒரு குதிப்பு அழகாகப் பதிவாகியிருந்தது. காற்று மிதம், வானம் தெளிவு, தரையிறக்கம் சிறப்பு. சாட்சிக் கையெழுத்துகூட இருந்தது. அது அவருடைய கையெழுத்தின் ஒன்றுவிட்ட தம்பிபோல் காணப்பட்டது.

வீட்டுப்பாடத்தைப் பேருந்தில் எழுதும் குழந்தைகளைத் திருத்திப் பழகியவள் நான். பதிவேட்டை மூடி, அன்றைய பனியைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னேன். அவர் நாணியதாகத் தெரியவில்லை.

"உடம்புதான் டீச்சர் வரலை. மனசுல அன்னிக்கு நான் சுத்தமா குதிச்சிட்டேன்."

குழம்பு ஆறுகிறது

கதிரேசனின் மனைவி வள்ளி எல்லா வெள்ளிக்கிழமையும் உடன் வருவார். சாப்பாட்டு அடுக்கை என் மேசையோரம் வைத்துவிட்டு, சன்னல் வழியே காற்றுப்பையைப் பார்த்துக்கொண்டு அமர்வார். கம்பத்தில் கட்டிய அந்தத் துணிப்பை விறைத்து நின்றால் காற்று அதிகம் என்று பொருள். அது விறைக்க விறைக்க வள்ளியின் முகம் மலர்வதை நான் கவனித்தேன். காரணத்தை அவரே மறைக்காமல் சொன்னார். பயிற்சிக்கு ஒரே ஒரு முறைதான் சம்மதித்திருக்கிறார். உரிமம் போனால் மறுபடி முதல் பாடம் என்ற பேச்சே கூடாது என்று கணவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். தொண்ணூறு நாள் எப்போது முடிகிறது என்று என்னிடம் கேட்டார். மார்ச் முதல் வெள்ளி என்றேன். கைப்பையிலிருந்து நாட்காட்டியை எடுத்து, பிள்ளையின் பிறந்தநாளைக் குறிப்பதுபோல் ஆசையாகக் குறித்துக்கொண்டார்.

குதிக்காத நாட்களில் கைகால் பழக்கம் விட்டுப்போகாமல் வீட்டில் ஒத்திகை பார்க்கும்படி பயிற்றுநர் கூறியிருந்தார். கூறாமலே இருந்திருக்கலாம். கதிரேசன் அலுவலக லிஃப்ட்டில், பிறர் நிற்கும்போதே, இல்லாத கைப்பிடியை வலது இடுப்பில் தேடி இழுத்தாராம். வீட்டில் நடந்ததை வள்ளி எனக்கு விவரித்தார்:

"நேத்து சாப்பாட்டு மேசைல குப்புறப் படுத்துக்கிட்டு, கையையும் காலையும் விரிச்சு, 'அஞ்சாயிரம் அடி'ங்கறாரு டீச்சர். குழம்பு ஆறுது, இறங்குங்கன்னேன்."

எழுத்துத் தேர்வு

ஜனவரி பிறந்தது, முப்பது நாள் முடிந்தது, கதிரேசன் எழுத்துத் தேர்வுக்கு அமர்ந்தார். நான் முன்னாள் ஆசிரியை என்பதால் தாள் திருத்துவது என் தலையில் விழுந்தது. பாதி விடைகள் பாராட்டத்தக்கவை. நான்காம் வினா, முதன்மைப் பாராசூட் விரியாவிட்டால் முதலில் என்ன செய்வாய் என்பது. அதை அறுத்துவிட்டு மாற்றுப் பாராசூட்டை இழு என்பது எல்லாரும் தூக்கத்திலும் சொல்லும் விடை. கதிரேசன், 'பயிற்றுநரிடம் கேட்பேன்' என்று தெளிவான எழுத்தில் எழுதியிருந்தார்.

ஒரு மாத இடைவெளி மனிதனை என்ன செய்கிறது என்பதற்குச் சான்றாக அந்தத் தாளை நெடுநாள் வைத்திருந்தேன். அந்த நேரத்தில் பயிற்றுநர் எங்கே இருப்பார் என்று கேட்டேன்.

"கீழதான் டீச்சர் இருப்பாரு. கொஞ்ச நேரத்துல நானும் அங்கதானே வரப்போறேன்."

மறுவாரம் மீண்டும் எழுதி நூற்றுக்கு நூறு வாங்கினார். ஆயினும் பயிற்றுநரோடு குதிப்பது மீதமிருந்தது.

டூட்டிக்குத் தயார்

பாராசூட் மடிக்கும் கொட்டகையில் ஆறுமுகம் இருந்தார், இராமநாதபுரம் பக்கம். தாம் ஒருநாளும் குதித்தவரில்லை. குதிக்கும் அவசியம் ஏற்படும் அளவுக்குத் தம் வாழ்க்கை இன்னும் போரடிக்கவில்லை என்பது அவருடைய விளக்கம். அவர் மடித்தது விரியாமல் போனதில்லை.

கதிரேசனின் பாராசூட் மடித்த நிலையிலேயே வாரக்கணக்கில் அலமாரியில் இருந்தது. சும்மா இருப்பது அதற்கு ஆகாது என்ற ஐயம் அவருக்கு வந்துவிட்டது. வெள்ளிதோறும் அதைப் பிரித்து, உதறி, மீண்டும் மடிக்கச் சொன்னார். மூன்று வாரம் ஆறுமுகம் மறுபேச்சின்றிச் செய்தார். நான்காம் வாரம் நிமிர்ந்து சொன்னார்:

"பாராசூட்டு டூட்டிக்கு ரெடியா இருக்கு சார். லீவுல இருக்கறது நீங்கதான்."

காற்று

பனி விலகியதும் வடமேற்குக் காற்று பொறுப்பேற்றுக்கொண்டது. இங்கே விதி இன்னும் நயமானது. நூற்றுக்கணக்கான முறை குதித்தவர்கள் ஓரளவு காற்றிலும் குதிக்கலாம். புதியவர்கள் அதில் பாதிக் காற்றுக்கே தரையில் அமர வேண்டும். அதாவது பழக்கம் உள்ளவருக்கு மேலும் பழக்கம். பழக்கம் இல்லாதவருக்கு நாற்காலி. பிப்ரவரி முழுவதும் கதிரேசன் அந்த நாற்காலியில் அமர்ந்து, பழையவர்கள் ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்தார். அவர்கள் அவரைக் கடந்து செல்கையில், 'யல்லா, வா வா' என்று கைகாட்டிச் சென்றார்கள். அன்பாகத்தான், அதுதான் கொடுமை.

ஒரு வெள்ளி பிற்பகல் வள்ளி கைகழுவச் சென்றிருந்தார். காத்து எனக்கு மட்டும்தான் அடிக்குதா என்று கதிரேசன் கேட்டார். விதிப்படி ஆம் என்றேன். சற்று நேரம் தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். விட்டுவிட்டால் என்ன, வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வாவது மிஞ்சுமே என்று நானே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எட்டு வருசமா விசா குடுத்த கஃபீல் சொன்னதைச் செஞ்சிருக்கேன் டீச்சர். நானா ஆசைப்பட்டுச் செஞ்சது இது ஒண்ணுதான்."

தொண்ணூறாம் நாள்

மார்ச் முதல் வெள்ளியன்று வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. பனி இல்லை, காற்று இல்லை. காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. சாக்குச் சொல்ல எதுவுமே மிச்சமில்லாத அப்படியொரு நாளை அந்தக் குளிர்காலத்தில் நான் கண்டதில்லை. வள்ளி முகம் இறுகி அமர்ந்திருந்தார். கதிரேசனின் பெயரை முதல் விமானத்தில் எழுதினேன். ஆறுமுகம் தாமே வந்து பாராசூட்டை அவர் முதுகில் மாட்டிவிட்டார்.

விமானம் ஏறியது. புள்ளிகளாக ஆட்கள் விழுந்தார்கள், பாராசூட்டுகள் விரிந்தன. வள்ளி எண்ணினார். ஏழு. ஏறியவர்கள் ஒன்பது பேர். அவர் மறுபடி எண்ணினார். அதற்குள் விமானம் தரையிறங்கி ஓடுபாதையில் உருண்டு வந்தது. கதவு வழியே முதலில் பயிற்றுநர் இறங்கினார், பின்னால் கதிரேசன். பயிற்றுநர் என் மேசைக்கு வந்து சொன்னார்: கதவருகே மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் மாட்டேன் என்று தலையசைத்தார், யாரையும் தள்ளக் கூடாது என்பது விதி. அவர் ஒரு மாதத்தில் பேசியதைவிட அது அதிகம்.

கதிரேசன் கொட்டகைச் சுவரில் சாய்ந்து அமர்ந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. மூன்று மாதமாக உரிமம் போக வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருந்த வள்ளி, கணவரை ஒருமுறை பார்த்தார், நேரே என்னிடம் வந்தார், குரலைத் தாழ்த்தினார்.

"குதிச்சார்னு எழுதிருங்க டீச்சர். விமானத்துல போனது உண்மைதானே. வாசல் வரைக்கும் போயிருக்காருல்ல."

என் நாற்பதாண்டுப் பணியில் ஒரு பொய் எழுதலாமா என்று பேனா தயங்கியது அந்த ஒரு முறைதான். ஆனால் பொய்யான அந்த ஒரு வரி அடுத்த வெள்ளி அவரைப் பயிற்றுநர் இன்றித் தனியாக அதே கதவுக்கு அனுப்பிவைக்கும் என்பது எனக்குத் தெரியும். 'ஏறினார், அதே விமானத்தில் இறங்கினார்' என்று எழுதி, தேதியிட்டு, வள்ளியின் பக்கம் திருப்பிக் காட்டினேன். உரிமம் போயிற்று, முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு உங்கள் சம்மதம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும் என்றேன்.

வள்ளி அந்த வரியை நெடுநேரம் படித்தார். பிறகு சாப்பாட்டு அடுக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, எனக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

"அடுத்த கோர்ஸ்ல அவர் பேரை எழுதுங்க. கீழயே என் பேரையும் எழுதுங்க. வெள்ளைக்காரருக்குத்தான் தள்ளக் கூடாதுன்னு விதி, பொண்டாட்டிக்கு யாரு போட்டா?"

இல்லறத்துக்கும் எங்கள் மன்றத்துக்கும் ஒரே விதிப்புத்தகம் பொருந்தாது என்பதை அடுத்த குளிர்காலம் முழுவதும் எழுத்துப்பூர்வமாக விளக்கும் பொறுப்பும் என் மேசைக்கே வந்து சேர்ந்தது.